பிளக்கில் செருகும் மின் மீற்றர்: அரச அலுவலகத்தில் வைத்துப் பார்த்த பிறகு

அரச அலுவலகத்தில் மின்சாரப் பில்லுக்குப் பொறுப்பாக இருக்கிறவர்கள் இதை வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். வவுனியாவில் வாங்கிய கடையில் "இதைப் போட்டா பில் குறையும்" என்று சொல்லித் தந்தார்கள், அதை நம்பி வாங்காதீர்கள். மீற்றர் அளக்கும், அவ்வளவுதான். சுவிச்சை நிப்பாட்டுவது, பழையதைக் கழற்றுவது, ஆளோடு பேசுவது எல்லாம் நம் வேலை. ஆனால் எதை நிப்பாட்டுவது என்று தெரியாமல் எத்தனை வருடமாக வெறும் ஊகத்தில் சுற்றறிக்கை எழுதிக்கொண்டிருந்தோம் என்று பார்க்கும்போது, இந்தச் சின்னச் சாமான் எங்கள் அலுவலகத்துக்கு மிகவும் தேவையாக இருந்தது.

சாமான் இதுதான். உள்ளங்கை அளவு பெட்டி, பின்னால் 13 அம்பியர் சதுர முனை, முன்னால் அதே மாதிரி ஒரு குதை, மேலே சின்னத் திரை. சுவரில் இதைச் செருகி, இதில் நீங்கள் அளக்கப்போகிற சாமானைச் செருக வேண்டும். அந்த நேரத்தில் எத்தனை வாற் இழுக்கிறது, வோல்ற்றேச் எவ்வளவு, செருகியதிலிருந்து எத்தனை யூனிற் போயிருக்கிறது, பவர் ஃபக்டர் (இழுக்கிற கரண்டில் எந்தப் பங்கு உண்மையில் வேலைக்குப் போகிறது என்கிற எண்) எவ்வளவு என்று ஒரு பொத்தானை அமத்த அமத்தக் காட்டும். விலை சில ஆயிரம் ரூபாய். பெயர் தெரிந்த கொம்பனி எதுவும் இல்லை, பெட்டியில் சீன எழுத்து, உத்தரவாதச் சீட்டு கிடையாது.

ஏன் இதற்கு இவ்வளவு எழுதுகிறேன் என்றால், அரச அலுவலகத்தில் மின்சாரச் செலவு என்பது யார் கண்ணுக்கும் படாத செலவு. பில் வரும், உறுதிச்சீட்டு (வவுச்சர்) தயாராகும், கணக்காளர் பார்ப்பார், கையெழுத்து விழும், பணம் போகும். செலவுப் பதிவில் அது 1403 என்ற குறியீட்டின் கீழ் விழுகிறது, அந்தக் குறியீடு மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஆகவே வருடக் கடைசியில் பதிவேட்டைப் புரட்டினால் எது மின்சாரம், எது தண்ணீர் என்று பிரித்துப் பார்ப்பதற்கே பழைய உறுதிச்சீட்டுகளைத் தேட வேண்டும். யூனிற் எண்ணிக்கை எங்குமே எழுதப்படுவதில்லை. ரூபாய் மட்டும்தான்.

அந்த ரூபாயை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. யோசித்துப் பாருங்கள், 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் 66 சதவீதம், பிறகு 2024 மார்ச்சில் 21.9 சதவீதம் குறைந்தது, ஜூலையில் இன்னும் 22.5, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்தது, அதே வருடம் ஜூனில் திரும்ப 15 சதவீதம் ஏறியது. இதற்கு நடுவில் "போன வருடத்தை விடப் பில் குறைந்திருக்கிறது, நல்லாச் சிக்கனம் பிடிச்சிருக்கிறம்" என்று கூட்டத்தில் சொன்னால் அதில் ஒரு அர்த்தமும் இல்லை. பாவனை கூடியே இருக்கலாம், விலை இறங்கியிருக்கும். ஆகவே மீற்றர் வாங்க முன்னம் ஒரு கொப்பி வாங்குங்கள். பழைய பில்களை எடுத்து, மாதமும் யூனிற்றும் மட்டும் எழுதுங்கள். ரூபாயை அடுத்த நிரலில் போடுங்கள், அது கணக்காளருக்கு.

எங்கள் இடத்தில் இது கூடுதலாக மனதை உறுத்துகிறது. யுத்த காலத்து வன்னியில் மண்ணெண்ணெயை அளந்து வாழ்ந்த சனம் நாங்கள். சிக்கன விளக்குக்கு ஒரு இரவுக்கு எவ்வளவு எண்ணெய் போகும், ஜெனரேற்றருக்கு ஒரு லீற்றர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எங்கள் மூத்த உத்தியோகத்தர்கள் இன்றைக்கும் யோசிக்காமல் சொல்வார்கள். அதே ஆட்களிடம் இந்தக் கட்டடம் ஒரு நாளைக்கு எத்தனை யூனிற் பாவிக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. அளக்கிற வழி அவர்கள் கையில் இருக்கவில்லை.

சரி, அளந்ததில் என்ன தெரிந்தது? அலுவலகத்தில் எல்லோரும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது கேத்திலை. தேநீர் போடுகிற அக்காவைப் பார்த்து "நீங்கதான் கரண்டைக் குடிக்கிறீங்கள்" என்று சொல்வார்கள். கேத்தில் 1,500 வாற்றுக்கு மேல் இழுக்கும், உண்மைதான், ஆனால் சில நிமிடங்கள்தான். நாள் முழுக்கப் போட்ட தேநீருக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு யூனிற்றை எட்டவே கஷ்டம். மாறாக மூலையில் சத்தமில்லாமல் நிற்கிற சுடுதண்ணீர்–குளிர்தண்ணீர் டிஸ்பென்சர், ஒருவரும் ஒரு கப் கூட எடுக்காத நாளிலேயே ஒன்றரை யூனிற்றை ஒட்டிப் போகிறது. தண்ணீரைச் சூடாக்கும், அது ஆறும், திரும்பச் சூடாக்கும். பக்கத்திலேயே குளிராக்கும். சனி, ஞாயிறு, போயா, தைப்பொங்கல் எல்லா நாளும் இதேதான். மாதத்துக்கு 45 யூனிற். அதன் பின்னால் ஒரு சுவிச் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. இன்னொன்று, எங்கள் பக்கத்துத் தண்ணீரில் கல் படிகிறது. டிஸ்பென்சரிலும் கேத்திலிலும் வெள்ளையாகத் தடித்துப் போயிருந்தால் சூடேறக் கூடுதல் நேரம் எடுக்கும், சுருளும் கெதியாய் எரிந்துபோகும். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டுக் கழுவினால் போதும்.

அடுத்தது மேசைகள். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சின்ன யூபிஎஸ், திரை, ஸ்பீக்கர். கணினியை மூடிவிட்டுப் போனாலும் யூபிஎஸ் ஓடுகிறது, திரையின் சிவப்பு விளக்கு எரிகிறது. எங்கள் மேசைகளில் இது 15 வாற் அளவில் நின்றது. பதினைந்து வாற் ஒரு பெரிய விஷயமா என்று கேட்டார்கள். இருபது மேசைக்கு அது 300 வாற். அரச அலுவலகம் காலை 8.30 இலிருந்து மாலை 4.15 வரை, கிழமையில் ஐந்து நாள். ஒரு கிழமையில் மொத்தம் 168 மணித்தியாலம், அதில் நாங்கள் வேலை செய்வது 38 மணித்தியாலமும் முக்காலும். மிச்சம் 129 மணித்தியாலம் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டின நேரத்தில் மட்டும் இந்த இருபது மேசையும் கிழமைக்கு 38 யூனிற்றுக்கு மேல் எடுக்கின்றன. வேலை நேரத்தில் விளக்கை நிப்பாட்டு, விசிறியை நிப்பாட்டு என்று ஒட்டி வைக்கிற நோட்டீஸ் எல்லாம் அந்த 38 மணித்தியாலத்தைப் பற்றித்தான். செலவில் பெரிய பங்கு மற்ற 129 இல் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

அதைப் பார்க்க இந்த மீற்றர் கூடத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை 4.15 க்குக் கதவைப் பூட்டும்போது கட்டடத்தின் மெயின் மீற்றரைப் படம் எடுங்கள், திங்கள் 8.30 க்கு ஒருவரும் சுவிச் போட முன்னம் திரும்ப எடுங்கள். நடுவில் 64 மணித்தியாலம். வித்தியாசம் 64 யூனிற் என்றால் யாருமே இல்லாத கட்டடம் இடைவிடாமல் ஒரு கிலோவாற் எடுத்திருக்கிறது. பெரிய கட்டடங்களில் மீற்றரில் காட்டுவதை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டியிருக்கும், அந்த எண் பில்லில் இருக்கும், அதைக் கவனியுங்கள். நான் இந்தச் சாமானைப் பற்றி எழுதுகிறேன் என்றாலும், காசு செலவில்லாத இந்த வெள்ளி–திங்கள் வேலையைத்தான் எல்லோரும் முதலில் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். செய்து பார்த்து, இரவில் எதுவும் போகவில்லை என்றால் மீற்றர் வாங்கவே வேண்டாம்.

இனி இதால் முடியாதவை. பிளக் இல்லாத எதையும் இது அளக்காது, அரச கட்டடத்தில் பெரிய செலவெல்லாம் பிளக் இல்லாதவற்றில்தான் இருக்கிறது. மேல் விசிறி, ரியூப் லைற், ஏசி, தண்ணீர் மோட்டர், வளவு விளக்கு. இவற்றுக்கு வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீற்றர் வேண்டும், அதைப் பிடிக்கத் தெரிந்த வயர்மனும் வேண்டும். பலகையைத் திறக்கிற வேலையைத் தயவுசெய்து அலுவலக உதவியாளரிடம் கொடுக்காதீர்கள். எங்களுக்கு வந்த வயர்மன் அண்ணை நல்ல விளக்கமானவர். இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூச்சியம் காட்டும், ஒரு வயரை மட்டும் பிரித்துக் கவ்வ வேண்டும் என்று காட்டினார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார், "இது காட்டுற அம்பியரை 230 ஆல பெருக்கி அதுதான் வாற் எண்டு எழுதிப்போடாதேங்கோ ஐயா." பழைய சோக் போட்ட 36 வாற் ரியூப் லைற் 0.43 அம்பியர் இழுக்கும், பெருக்கினால் 99 வரும், உண்மையில் சோக்கோடு சேர்த்து 46 வாற் அளவுதான். பவர் ஃபக்டர் குறைவாக இருப்பதால் வருகிற வித்தியாசம் அது. செருகுகிற மீற்றர் இந்தப் பவர் ஃபக்டரையும் சேர்த்துக் கணக்குப் பண்ணிச் சரியான வாற்றைத் தருகிறது, அந்த விதத்தில் சாதாரணக் கிளாம்ப் மீற்றரை விட இது மேல்.

பழைய மேல் விசிறி 75 வாற் எடுக்கும். இப்போது வருகிற பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டர்) விசிறிகள் 30 வாற்றில் அதே காற்றைத் தருகின்றன. முப்பது விசிறி உள்ள ஒரு அலுவலகத்தில், மாதம் 22 வேலை நாள் என்று வைத்தால், மாற்றுவதால் மிச்சம் 230 யூனிற் வரும். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்து வெயிலில் மாரி மழை பெய்கிற சில வாரங்களைத் தவிர விசிறி நிற்கிற நாள் இல்லை, ஆகவே இந்தக் கணக்கு இங்கே நன்றாகப் பொருந்தும். வளவு விளக்கு இன்னும் மோசம். 500 வாற் ஹலஜன் விளக்கு ஒன்று இரவு 12 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 180 யூனிற். 50 வாற் எல்ஈடி போட்டால் 18. சின்ன அலுவலகங்கள் வருகிற ஜிபி-1 (பொது நோக்கம்) கட்டண வகையில் மாதம் 180 யூனிற்றைத் தாண்டினால் யூனிற் விலையும் நிலையான கட்டணமும் வேறாகிவிடும். அதாவது ஒற்றை விளக்கே ஒரு கிளை அலுவலகத்தை மேல் விலைக்குத் தள்ளிவிட முடியும்.

கட்டண வகை என்றதும் சொல்ல வேண்டியது. பாடசாலை, ஆஸ்பத்திரி, தொழிற்பயிற்சி நிலையம், பல்கலைக்கழகம் போன்றவை முழுக்க அரச பணத்தில் ஓடி, சனத்துக்கு இலவசமாகச் சேவை தருகின்றன என்றால் அவற்றுக்கு ஜிவி என்று தனி வகை இருக்கிறது. பிரதேச செயலகம், திணைக்கள அலுவலகம் எல்லாம் ஜிபி என்ற பொது நோக்க வகையில் வரும். உங்கள் பில்லில் எந்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள், பார்க்க ஒரு நிமிடம் போதும். மீள்கட்டுமான காலத்தில் அவசரமாக இணைப்பு எடுத்த கட்டடங்களில் பிறகு நோக்கம் மாறியிருக்கலாம், முதலில் ஸ்டோராக இருந்தது இப்போது வகுப்பறையாக இருக்கலாம். ஒரே வளவில் மூன்று அலுவலகம் ஒரு மீற்றரில் தொங்கிக்கொண்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு உப மீற்றர் போடச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் யார் எவ்வளவு என்ற வாக்குவாதம் முடியவே முடியாது.

மாவட்டச் செயலகம், பெரிய ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்கு வேறு கதை. இணைப்பின் அளவு (கட்டடம் ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய அளவு) 42 கேவிஏக்கு மேல் போனால் யூனிற்றோடு டிமாண்ட் கட்டணமும் வரும், நேரத்துக்கு நேரம் விலையும் மாறும்: மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரை உச்ச விலை. டிமாண்ட் என்பது மாதத்தில் எந்தப் பதினைந்து நிமிடத்தில் கட்டடம் ஆகக் கூடுதலாக இழுத்ததோ அந்தப் பதினைந்து நிமிடத்தின் அளவு. மாதம் முழுக்கச் சிக்கனமாக இருந்துவிட்டு ஒரு நாள் கூட்டத்துக்காக மண்டபத்தின் ஆறு ஏசியையும் காலை 8.30 க்கு ஒரே நேரத்தில் போட்டால், ஒன்று 2 கிலோவாற் என்று வைத்தாலே 12 கிலோவாற் அலுவலக ஏசிகளுக்கு மேல் ஏறும், அந்த மாதத்துக்கான டிமாண்ட் அங்கே எழுதப்பட்டுவிடும். மண்டபத்து ஏசியை 7.45 க்கே இரண்டிரண்டாகப் போட்டு, அலுவலக அறைகளைக் கொஞ்சம் பிந்திப் போட்டால் அதே கூட்டம் குறைந்த டிமாண்டில் நடக்கும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு ஆள் பொறுப்பாக இருந்தால் போதும். செருகுகிற மீற்றர் இந்த விஷயத்தில் எந்த உதவியும் செய்யாது, ஆகவே பெரிய கட்டடக்காரர்கள் இதை வாங்கிவிட்டுப் பில் பிடிபடவில்லையே என்று நிற்காதீர்கள்.

ஏசி பற்றி ஒரு வரி. 26 பாகைக்கு வைத்து விசிறியையும் போடுங்கள், கிறவல் வீதிப் பக்கம் உள்ள கட்டடம் என்றால் வடிகட்டியைக் கழுவுகிற இடைவெளியைக் குறையுங்கள், புழுதி அடைத்த ஏசி குளிராக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் மோட்டரும் இந்தக் கணக்கில்தான் வர வேண்டும். எங்கள் பக்கத்துப் பல அலுவலகங்களில் இன்றும் கிணறும் குழாய்க் கிணறும்தான், அங்கே தண்ணீர்ச் செலவு என்பதே மின்சாரச் செலவு. ஒரு குதிரைவலு மோட்டர் மணித்தியாலத்துக்கு ஒரு யூனிற்றை ஒட்டி எடுக்கும். கக்கூஸ் சிஸ்டேனில் ஒழுகிக்கொண்டிருக்கிற தண்ணீரைத் திரும்பத் திரும்ப மேலே ஏற்றுவது இந்த மோட்டர்தான். தாங்கியில் மிதவைச் சுவிச் இல்லாமல், நிரம்பி வழிவதைப் பார்த்து ஓடிப்போய் நிப்பாட்டுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அடி வால்வு பழுதானால் மோட்டர் தண்ணீர் எடுக்காமல் சும்மா சுத்தும். நீர் வழங்கல் சபையின் இணைப்பு உள்ள இடங்களில் வெள்ளி–திங்கள் பரிசோதனையைத் தண்ணீர் மீற்றரிலும் செய்யுங்கள். ஒருவரும் இல்லாத நாளில் முள் சுற்றக் கூடாது.

சாமானின் குறைகளுக்கு வருகிறேன். கரண்ட் போனால் எண்ணிக்கை எல்லாம் அழிந்துவிடும், உள்ளே பொத்தான் பற்றரி போட்டால்தான் நிற்கும், அந்தப் பற்றரி பெட்டியில் வரவில்லை. எங்கள் பக்கம் கரண்ட் போவது புதினமில்லை, ஆகவே பற்றரி வாங்காமல் அளவு தொடங்க வேண்டாம். திரைக்கு வெளிச்சம் இல்லை, குதைகள் எல்லாம் மேசைக்குக் கீழே இருப்பதால் ரோர்ச் அடித்துக் குனிந்துதான் வாசிக்க வேண்டும். இரண்டு மூன்று வாற்றுக்குக் கீழே உள்ளவற்றைப் பூச்சியம் என்றே காட்டுகிறது, போன் சார்ஜர் மாதிரிச் சின்னவற்றை இதில் அளக்க நினைக்காதீர்கள். யூனிற் விலையைப் பதிந்தால் ரூபாய்க் கணக்கும் காட்டும், ஆனால் ஒரு விலை மட்டும்தான் பதியலாம், நிலையான கட்டணமும் நேர விலையும் அதில் இல்லாததால் அந்த ரூபாயை எந்த அறிக்கையிலும் எழுத வேண்டாம். பழைய கட்டடங்களில் உருண்டை முனைக் குதைகள் இருக்கும், அடாப்டர் போட்டு ஆட்டிக்கொண்டு செருகினால் சூடேறுகிறது. பெரிய சுமையை இதில் மணித்தியாலக் கணக்கில் விட வேண்டாம், சூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். வாங்கிய கடையில் திரை மங்கியதைக் கொண்டுபோய்க் காட்டியபோது மாற்றித் தர மறுத்துவிட்டார்கள், ஆகவே கடையிலேயே ஒரு விளக்கைச் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

கண்டபடி எல்லாவற்றையும் கழற்றி அளக்கவும் கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டி இருக்கும், அதில் கை வைக்கவே வேண்டாம். கைரேகை இயந்திரம், கமராப் பெட்டி, இணைய ரவுட்டர் மூன்றையும் இரவு நிப்பாட்டுகிற பட்டியலில் சேர்க்காதீர்கள். போட்டோகொப்பி மெசினை அளக்கப் போனபோது அதற்குப் பொறுப்பான அக்கா "தம்பி, இதை நிப்பாட்டினாத் திரும்பச் சூடாக நேரம் எடுக்கும், சனம் வரிசையில நிக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. பகலில் அதை உறங்கு நிலையில் விட்டு, 4.15 க்கு மட்டும் நிப்பாட்டுவது என்று முடிவெடுத்தோம். அளக்கிறவர் அந்தச் சாமானோடு வேலை செய்கிறவரிடம் கேட்காமல் முடிவெடுத்தால் ஒரு கிழமைக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

வாங்குகிற வழி சுலபம், அலுவலகச் சில்லறைக் காசில் (பெற்றி காஷ்) அடங்குகிற தொகை. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒன்று தேவையில்லை. ஒரு பிரதேசத்துக்கு ஒன்று வாங்கி, இருப்புப் பதிவேட்டில் பதிந்து, கிராம அலுவலர் அலுவலகம், நூலகம், பாடசாலை என்று மாறி மாறிக் கொடுத்தாலே போதும், ஒரு இடத்தில் இரண்டு கிழமை இருந்தால் அங்குள்ள எல்லாவற்றையும் அளந்துவிடலாம். கொடுக்கும்போது பற்றரியோடும் கொப்பியோடும் சேர்த்துக் கொடுங்கள், கொப்பியில் சாமானின் பெயர், வேலை நேரத்து யூனிற், பூட்டின நேரத்து யூனிற் என்று மூன்று நிரல் இருந்தால் சரி.